விளக்கெண்ணெயின் வேதியியல்: பன்னிரண்டாவது கார்பனில் ஓர் ஆக்சிஜன்

எண்ணெய் ஆல்கஹாலில் கரையாது, பெட்ரோலியக் கரைப்பான்களில் கரையும். தாவர எண்ணெய்களைப் பற்றி முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. நல்லெண்ணெய், சூரியகாந்தி, சோயா, கடுகு எல்லாமே இதற்குக் கட்டுப்படும். விளக்கெண்ணெய் மட்டும் கட்டுப்படாது. நீரற்ற எத்தில் ஆல்கஹாலில் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் கலந்துவிடும். பெட்ரோலிய ஈதரைக் கொஞ்சம் சேர்த்தால் பொறுத்துக்கொள்ளும், அளவு கூடினால் கலங்கிப் பிரிந்து நிற்கும்.

இதை ஒரு தனி விநோதமாக எண்ணி விட்டுவிடலாம். ஆனால் இதே எண்ணெய்தான் அறை வெப்பநிலையில் மற்ற எண்ணெய்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. குடித்தால் வயிற்றைக் கலக்குகிறது. நைலானுக்கு மூலப்பொருள் ஆகிறது. கிரீஸ், உதட்டுச் சாயம், சாக்லேட், புற்றுநோய் ஊசிமருந்து என்று ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இடங்களில் எல்லாம் தலைகாட்டுகிறது. இத்தனைக்கும் காரணம் என்று தேடிப்போனால், ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் வந்து முடிகிறது: அதன் கொழுப்பு அமிலத்தில் கூடுதலாக ஒட்டியிருக்கும் ஓர் ஆக்சிஜன் அணு.

ஆமணக்கு விதையில் ஏறத்தாழ பாதி எடை எண்ணெய்தான். அந்த எண்ணெய், மற்ற எல்லாத் தாவர எண்ணெய்களையும் போல, ட்ரைகிளிசரைடுகளால் ஆனது. அதாவது ஒரு கிளிசரால் மூலக்கூறின் மூன்று கைகளிலும் ஆளுக்கொரு கொழுப்பு அமிலச் சங்கிலி. வேறுபாடு அந்தச் சங்கிலி எது என்பதில் இருக்கிறது. பொதுவாக ஓர் எண்ணெயில் இரண்டு மூன்று கொழுப்பு அமிலங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஆமணக்கில் அப்படியில்லை. ரிசினோலியிக் அமிலம் ஒன்றே 85 முதல் 90 சதவீதம் வரை இருக்கிறது. லினோலியிக், ஒலியிக் ஆகியவை தலா சில சதவீதம். பால்மிடிக், ஸ்டியரிக் ஒன்றிரண்டு சதவீதம். டைஹைட்ராக்சிஸ்டியரிக் அமிலம் பெயருக்குக் கொஞ்சம். சங்கிலிகளில் பத்தில் ஒன்பது ரிசினோலியிக் என்று வைத்துக்கொண்டு, அவை மூன்று கைகளிலும் எந்த ஒழுங்கும் இல்லாமல் அமர்ந்தால் என்ன ஆகும்? 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.73. மூலக்கூறுகளில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் மூன்று கைகளிலும் ரிசினோலியிக்தான் என்று பொருள். இயற்கையில் கிடைக்கும் ஒரு கலவை இவ்வளவு ஒரே சீராக இருப்பது அபூர்வம். ஆலைக்காரர்களுக்கு இந்த எண்ணெய் பிடித்துப்போவதற்கு இந்தச் சீர்மையும் ஒரு காரணம்.

ரிசினோலியிக் அமிலம் என்பது என்ன? ஒலியிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 கார்பன் சங்கிலி, ஒன்பதாவது கார்பனுக்கும் பத்தாவது கார்பனுக்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்தச் சங்கிலியில் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஓ.எச். குழு இருந்தால் அது ரிசினோலியிக் அமிலம். மூலக்கூறு எடை 282-லிருந்து 298 ஆகிறது. வித்தியாசம் 16, ஓர் ஆக்சிஜனின் எடை. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் எண்ணெய்ச் சங்கிலியின் நடுவில், நீரை விரும்பும் ஒரு முனை முளைத்துவிட்டது. அதுவும் இரட்டைப் பிணைப்புக்கு மிக அருகில். இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் பின்னால் வரப்போகும் கதைக்கெல்லாம் அடிப்படை.

முதலில் கெட்டித்தன்மை. ஓ.எச். குழுக்கள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் சராசரியாக 2.7 ஓ.எச். இருப்பதால் எண்ணெய் முழுவதும் தளர்வான ஒரு வலைபோல் ஆகிவிடுகிறது. 'வழவழா கொழகொழா' என்று சொல்கிறோமே, அந்தக் குணம் இந்த வலையிலிருந்து வருவது. 40 பாகை செல்சியசில் சோயா எண்ணெயின் இயக்கப் பாகுத்தன்மை 30 சென்டிஸ்டோக்கைச் சற்றுத் தாண்டும். விளக்கெண்ணெயின் அளவு சுமார் 250. எட்டு மடங்கு. அறை வெப்பநிலைக்கு இறங்கினால் இடைவெளி இன்னும் கூடும். ஆனால் 100 பாகைக்குச் சூடாக்கினால் சோயா 8-ஐ ஒட்டி வரும், விளக்கெண்ணெய் 20-க்கு அருகில் வந்துவிடும். எட்டு மடங்கு இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. சூட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்துபோவதை இந்த எண்களில் நேரடியாகப் பார்க்கலாம். அடர்த்தியும் இதே கதைதான். பெரும்பாலான தாவர எண்ணெய்கள் 0.91, 0.92 என்று நிற்க, இது 0.96-ஐத் தொடுகிறது.

கரைதிறனையும் இப்போது புரிந்துகொள்ளலாம். ஆல்கஹாலும் ஓ.எச். உள்ள பொருள், இனம் இனத்தோடு சேர்கிறது. மிக எளிய கலப்படச் சோதனை ஒன்று இதிலிருந்தே பிறந்தது. ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் எடுத்து, அதைப்போல் நான்கு மடங்கு 95 சதவீத எத்தில் ஆல்கஹால் சேர்த்துக் குலுக்க வேண்டும். முதலில் குழாயின் அடியில் ஒரு தடித்த இழை சுருண்டு சுழலும். ஒளி அதில் பட்டு வளைவது தெரியும். குலுக்கக் குலுக்க இழை மெலிந்து மறைந்து, குழாய் முழுவதும் தண்ணீர்போல் தெளிந்துவிடும். வேறு மலிவான எண்ணெய் கணிசமாகக் கலந்திருந்தால் தெளியாது. பால் கலந்ததுபோல் வெளுத்து, வைத்துவிட்டால் துளித்துளியாக அடியில் தங்கும். எவ்வளவு கலப்படம் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. அதற்குக் கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகை வேண்டும். ஆனால் ஏமாற்றுகிறார்களா இல்லையா என்பதற்கு இந்தக் குழாய் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு, இது கொஞ்சம் நுட்பமானது. பன்னிரண்டாவது கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு குழுக்கள் அமைந்திருப்பதால் அந்தக் கார்பனுக்கு இடது வலது என்ற பேதம் வந்துவிடுகிறது. செடி எப்போதும் ஒரே வடிவத்தைத்தான் கட்டுகிறது. எனவே முனைவாக்கிய ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, இந்த எண்ணெய் வலப்பக்கமாகச் சில பாகை திருப்பும். மருந்துத் தர விளக்கெண்ணெய்க்கு இது 3.5 முதல் 6 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து நெறிநூல் சொல்கிறது. சாதாரண எண்ணெய்கள் பலவற்றில் இந்தத் திருப்பம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

எண்ணெய் வாங்குபவர்களின் ஆய்வறிக்கையில் சோப்பாக்கல் எண், அயோடின் எண், ஹைட்ராக்சில் எண் என்று வரிசையாக இருக்கும். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் பட்டியல். ஆனால் இந்த எண்களை மூலக்கூறிலிருந்தே கணக்கிட்டுவிட முடியும், அதில் ஒரு சுகம் இருக்கிறது. மூன்று கைகளிலும் ரிசினோலியிக் உள்ள ட்ரைகிளிசரைடின் எடை 933. ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதுதான் சோப்பாக்கல் எண். பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் எடை 56.1. மூன்றால் பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கி, 933-ஆல் வகுத்தால் 180. நடைமுறையில் 176 முதல் 187 வரை கிடைக்கிறது. ஒலியிக் அமில ட்ரைகிளிசரைடுக்கு இதே கணக்கு 190 தரும். ஆக்சிஜன் சேர்ந்ததால் மூலக்கூறு கனத்துவிட்டது, ஆகவே கிராமுக்கு எண்ணிக்கை குறைவு.

இரட்டைப் பிணைப்புகளை எண்ணும் அயோடின் எண்ணும் அப்படித்தான். கணக்கு 82 என்று சொல்லும், அளந்தால் 82 முதல் 90. அந்தச் சிறு மிச்சம் லினோலியிக் அமிலத்தின் கைங்கரியம், அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். ஆனால் மிகவும் பயன்படுவது ஹைட்ராக்சில் எண். எல்லாச் சங்கிலியிலும் ஓ.எச். இருந்தால் அது சோப்பாக்கல் எண்ணுக்குச் சமமாக, 180 ஆக இருக்க வேண்டும். நல்ல எண்ணெயில் 163-ஐ ஒட்டி வருகிறது. 163-ஐ 180-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.9. மேலே சொன்ன பத்தில் ஒன்பது பங்கு இதிலும் எட்டிப்பார்க்கிறது. மற்றச் சமையல் எண்ணெய்களுக்கு இந்த எண் பூச்சியத்துக்கு மிக அருகில் இருக்கும் என்பதால், விளக்கெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுதான்.

இயந்திரங்களுக்கு வருவோம். முதல் உலகப்போர்க் கால விமானங்களில் பல சுழல் இயந்திரங்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. இதற்கு இரண்டு காரணங்கள். அந்த இயந்திரங்களில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை எண்ணெய் இருக்கும் பெட்டி வழியாகவே போகும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மசகெண்ணெயை அந்த எரிபொருள் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. அப்புறம், ஓ.எச். குழுக்களும், கொழுப்பு அமிலம் கிளிசராலோடு இணையும் இடங்களான எஸ்டர் குழுக்களும் உலோகப் பரப்பில் பிடித்து நிற்பதால், அழுத்தத்திலும் மெல்லிய படலம் கிழியாமல் தங்கும். 1909-இல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து எடுத்தது. குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. அதிகச் சூட்டில் இந்த எண்ணெய் பிசின்போல் உறைந்து பிஸ்டன் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநிலை மாறும்போது பாகுத்தன்மையும் மிகவும் மாறும். மற்றத் தாவர எண்ணெய்களின் பாகுத்தன்மைக் குறியீடு 200-க்கு மேல் இருக்க, இதற்கு 90-ஐ ஒட்டித்தான். இந்த எண் குறையக் குறைய மாற்றம் அதிகம். இன்றைக்கு விமானங்கள் இதை விட்டுவிட்டன. மெத்தனாலில் ஓடும் மாதிரி விமானங்களின் சின்ன இயந்திரங்களில் மட்டும் இன்னமும் இருக்கிறது, ஆல்கஹாலில் கரையும் மசகெண்ணெய் வேறு அதிகம் இல்லை என்பதால்.

சரி, இனி ஆலைக்குள். ஓ.எச். குழுவும் இரட்டைப் பிணைப்பும் அருகருகே இருந்தால் சங்கிலியை வேண்டிய இடத்தில் உடைக்கலாம். வேதியியலாளர்களுக்கு இது கிடைத்தற்கரிய வசதி. நீளமான ஒரு ஹைட்ரோகார்பன் சங்கிலியை நடுவில் துல்லியமாக வெட்டுவது பொதுவாகச் சாத்தியமே இல்லை. இங்கே இரண்டு வெட்டுகள் இருக்கின்றன.

முதல் வெட்டுக்குச் சூடு மட்டும் போதும். எண்ணெயை மெத்தில் எஸ்டராக மாற்றி 500 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சில நொடிகள் செலுத்தினால் பதினொன்றாவது, பன்னிரண்டாவது கார்பன்களுக்கு நடுவே உடைகிறது. ஒரு பக்கம் 11 கார்பன், மறுபக்கம் 7. பதினொரு கார்பன் துண்டு அன்டெசிலினிக் அமிலமாகிறது. காலில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குப் போடும் களிம்புகளில் இது உண்டு. இதைத் தொடர்ந்து சில படிகளில் மாற்றினால் நைலான்-11. எரிபொருள் குழாய், வண்டிகளின் ஏர் பிரேக் குழாய் போன்றவற்றில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் பிளாஸ்டிக் அது. 1950களிலிருந்து சந்தையில் இருக்கும், முழுக்கவும் தாவர எண்ணெயிலிருந்து வரும் நைலான். உயிரிப் பிளாஸ்டிக் என்பது நேற்று வந்த யோசனை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஏழு கார்பன் துண்டான ஹெப்டனல் வாசனைப் பொருள் தயாரிப்புக்குப் போகிறது. மல்லிகை மணம் தரும் செயற்கைச் சேர்மம் ஒன்று இதிலிருந்துதான்.

இரண்டாவது வெட்டு காரத்தால். அடர்ந்த காரத்தோடு 250 பாகைக்கு மேல் கொதிக்கவிட்டால் 10 கார்பனும் 8 கார்பனுமாக உடைகிறது. பத்து கார்பன் துண்டு செபாசிக் அமிலம். நைலான்-6,10-க்கும், குளிரிலும் விறைக்காத சில மசகுப் பொருட்களுக்கும், பிளாஸ்டிக்கை நெகிழ்விக்கும் எஸ்டர்களுக்கும் இதுவே மூலம். எட்டு கார்பன் துண்டு 2-ஆக்டனால்.

மூன்றாவதாக ஒரு வெட்டு இருக்கிறது, அதைச் செய்வது ஈஸ்ட். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட் கொழுப்பு அமிலங்களை முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாகக் கடித்துத் தின்னும். ரிசினோலியிக் அமிலத்தைக் கொடுத்தால் 18, 16, 14, 12, 10 என்று இறங்கும். நான்கு கடிக்குப் பிறகு, பன்னிரண்டாவது இடத்திலிருந்த ஓ.எச். இப்போது நான்காவது இடத்தில் இருக்கும். அந்தத் தூரத்தில் ஓ.எச்-உம் அமில முனையும் தாமாகவே வளைந்து இணைந்து ஒரு வளையமாகிவிடும். அதன் பெயர் காமா-டெக்காலாக்டோன். பீச் பழத்தின் மணம். நுண்ணுயிர் செய்தது என்பதால் உணவுப் பொட்டலங்களில் 'இயற்கைச் சுவையூட்டி' என்று போட்டுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

மீதி மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ஓ.எச்-ஐ நீராகப் பிடுங்கி எடுத்தால் அதன் இடத்தில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பு வரும். காய்ந்து படலமாகாத எண்ணெய், பெயிண்டுக்கு ஏற்ற காயும் எண்ணெயாகிவிடும். லினோலெனிக் அமிலம் மிகக் குறைவாக இருப்பதால் அந்தப் பூச்சு ஆளி விதை எண்ணெய்ப் பூச்சைப்போல் மஞ்சளடிக்காது. கந்தக அமிலத்தோடு குளிர்ச்சியில் சேர்த்தால் நீரில் கலக்கும் எண்ணெய் கிடைக்கும். 1870களில் பருத்திக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற இதைத்தான் பயன்படுத்தினார்கள், சோப்புக்குப் பிறகு வந்த முதல் செயற்கைச் சலவைப் பொருள்களில் இது ஒன்று. ஹைட்ரஜன் ஏற்றினால் 86 பாகை வரை உருகாத கெட்டி மெழுகு. அதிலிருந்து எடுக்கும் 12-ஹைட்ராக்சிஸ்டியரிக் அமிலத்தோடு லித்தியம் சேர்த்தால் இன்று சக்கரங்களிலும் பேரிங்குகளிலும் அதிகம் புழங்கும் கிரீஸ். ஐசோசயனேட்டோடு சேர்த்தால் நேரடியாகப் பாலியூரித்தேன். மற்ற எண்ணெய்களுக்கு ஓ.எச்-ஐ முதலில் வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டும், இதற்குப் பிறவியிலேயே உண்டு.

சாக்லேட் உறையின் பின்புறத்தில் ஈ476 என்று பார்த்திருப்பீர்கள். ஒரு ரிசினோலியிக் மூலக்கூறின் ஓ.எச். அடுத்ததன் அமில முனையோடு சேர்ந்து, இப்படியே சங்கிலியாகக் கோத்து, பாலிகிளிசராலில் மாட்டினால் வருவது அது. உருகிய சாக்லேட் அச்சில் தடையில்லாமல் ஓட உதவுகிறது. அதாவது விலையுயர்ந்த கோக்கோ வெண்ணெயைக் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம். ஐரோப்பிய விதிகள் அரை சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. இன்னொரு பக்கம், எண்ணெயோடு எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்துச் செய்யும் கரைப்பான், நீரில் கரையாத பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றும் திரவமாக்குகிறது. அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். அதனால் ஊசிக்கு முன்பே ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்துவிடுவார்கள்.

வயிற்றில் என்ன நடக்கிறது? வழவழப்பாக இருப்பதால் குடல் வழுக்கிவிடுகிறது என்று நினைப்பது தவறு. சிறுகுடலில் லிப்பேஸ் நொதி எண்ணெயை உடைத்து ரிசினோலியிக் அமிலத்தை விடுவிக்கிறது. குடல் தசையில், உடலே சுரக்கும் சமிக்ஞைப் பொருளான புரோஸ்டாகிளாண்டினுக்கென்று இருக்கும் ஈ.பி.3 ஏற்பியில் அந்த அமிலம் போய் உட்கார்ந்து தசையைச் சுருங்கச் செய்கிறது. 2012-இல் எலிகளில் இதை நிறுவினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தும் பேதி ஆகவில்லை. கருப்பைத் தசையிலும் அதே ஏற்பி வேலை செய்கிறது, ஆகவே கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிப்பது விளையாட்டில்லை. முடி வளர்க்கும் என்ற பேச்சுக்கு இப்படி உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. தோலிலும் முடியிலும் தடித்த படலமாக நின்று ஈரத்தைக் காக்கும், உதட்டுச் சாயத்தில் நிறமிகளைச் சீராகப் பரப்பும். அவை ஓ.எச். செய்யும் வேலைகள், சந்தேகமில்லை.

ஆமணக்கு என்றதும் ரிசின் நஞ்சின் பயம் எழுவது நியாயமே. 1888-இல் டோர்ப்பாட்டில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) ஹெர்மன் ஸ்டில்மார்க் அடையாளம் கண்ட இந்தப் புரதம், செல்களில் புரதம் கட்டும் ரைபோசோமிலிருந்து அடினைன் என்ற ஒரே ஒரு சிறு துண்டைப் பிடுங்கிப் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். ஆனால் அது நீரில் கரையும் புரதம். எண்ணெயில் கரையாது. விதையைப் பிழியும்போது புண்ணாக்கோடு தங்கிவிடும், எண்ணெயோடு தப்பித் தவறி வரும் துகளும் சூட்டிலும் சுத்திகரிப்பிலும் செயலிழந்துவிடும். அபாயம் விதையிலும் புண்ணாக்கிலும் இருக்கிறது. சரியாகச் சுத்திகரித்த எண்ணெயில் இல்லை.

கடைசியாக, இந்த ஓ.எச்-ஐ வைப்பது யார்? 1995-இல் அந்த நொதியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஒலியிக் அமிலத்தில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பைப் போடும் சாதாரண நொதியின் நெருங்கிய உறவு அது. சில அமினோ அமிலங்களை மாற்றினாலே ஒன்றை மற்றதன் வேலைக்குத் திருப்பிவிடலாம். அப்படியென்றால் நஞ்சில்லாத வேறு செடியில் அந்த மரபணுவைப் போட்டு எண்ணெய் எடுத்துவிடலாமே? அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் போட்டுப் பார்த்தார்கள். ஹைட்ராக்சி அமிலங்கள் 17 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டன. நொதி ஓ.எச்-ஐச் செல்சவ்வின் கொழுப்புகளில் வைத்துத்தான் போடுகிறது. போட்டதை அங்கிருந்து சட்டென்று கழற்றி, கிளிசராலில் மாட்டி, சேமிப்புத் துளிக்குள் தள்ள வேண்டும். தங்கிவிட்டால் சவ்வு கெடும். ஆமணக்கிடம் இதற்கென்றே தனியாகப் பழக்கப்பட்ட நொதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்ததும் 17 என்பது ஏறக்குறைய 30 ஆனது. ஆமணக்கு எட்டும் 90 சதவீதத்துக்கு இன்னும் எத்தனை நொதிகளைக் கூட்டிவர வேண்டுமோ, அந்தத் தேடல்தான் இப்போது ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.